சீன உடையைப் பற்றி எழுதும்போது தறியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் சீனர்களின் மரபுடை பற்றி இரண்டு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஒரு தமிழ் நாளிதழ் அயல்நாட்டுத் துணிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதைப் பார்த்து மகிழ்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். நான் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்), ஊடை (குறுக்கே கோக்கும் நூல்), விழுது (பாவு இழைகளைத் தூக்கும் கயிறு) என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சீனத் தறிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். மகள் ஷாங்காயில் வேலை பார்த்த காலத்தில் ஹாங்சோவுக்கும் நான்ஜிங்குக்கும் போய்ச் சில தறிகளை நேரிலும் பார்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: கட்டுரையின் அடித்தளமே பிழையாக இருக்கிறது.

கழுத்தை ஒட்டிய உயரமான காலர், பக்கவாட்டுப் பொத்தான்கள், உடலோடு ஒட்டிய தையல் என்று சியோங்சாம் உடையை வருணித்துவிட்டு, அது மூவாயிரம் ஆண்டுகளாகச் சீனப் பெண்கள் உடுத்தி வரும் உடை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உடைக்கு வயது நூறுதான். 1920-களில் ஷாங்காய் போன்ற நகரங்களில் மாணவிகளும் படித்த பெண்களும் அதை உடுத்தத் தொடங்கினார்கள். 1929-இல் நான்ஜிங்கிலிருந்து ஆண்ட தேசியவாத அரசு அதைப் பெண்களின் முறையான உடைகளில் ஒன்றாக விதித்தது. அதன் மூதாதை என்று பலரும் சுட்டுவது மஞ்சு இனத்தாரின் நீண்ட அங்கியை. மஞ்சுக்கள் பீஜிங்கைப் பிடித்தது 1644-இல். அதற்கு முன் அந்த அங்கி, சீனாவின் பெரும்பான்மை இனத்தாரான ஹான் சீனர்களுக்கு அயலாரின் உடை.

அதை ஹான் ஆண்கள் விரும்பி ஏற்கவும் இல்லை. 1645-இல் புதிய ஆட்சி, ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மஞ்சு முறையில் உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. மழிக்கக் கொடுத்த கெடு பத்து நாள். தலை வேண்டுமா, மயிர் வேண்டுமா என்பதுதான் அப்போது மக்கள் முன் இருந்த கேள்வி. யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஜியாங்யின் நகரம் பணிய மறுத்து ஏறத்தாழ 80 நாள் முற்றுகையைத் தாங்கியது. நகரம் விழுந்த பிறகு நடந்த படுகொலை சீன வரலாற்றின் கொடிய பக்கங்களில் ஒன்று. ஹான் பெண்கள் மட்டும் பழைய மேலாடையையும் பாவாடையையும் தொடர்ந்து உடுத்தினார்கள். உடைக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்த ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது, ‘மாறாத மரபு’ என்ற இரண்டு சொற்களால் அந்த மனிதர்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அடுத்தது உங்கள் கட்டுரையின் பெரிய படம். பழைய ஹான் பாணி உடையில் நிற்கும் அந்தப் பெண்ணின் படத்தை, பக்கத்தின் உட்புறம் பார்க்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, இடவலமாகத் திருப்பி அச்சிட்டுவிட்டீர்கள். பின்னால் தெரியும் கடைப் பலகையின் எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கின்றன. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. அந்த உடையில் உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு மேலே வந்து வலப்பக்கத்தில் கட்டப்பட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் கட்டும் முறை என்றும் அதைக் கருதினார்கள். குவான் ஜோங் என்ற அமைச்சர் இல்லாதிருந்தால் நாம் இன்று தலைமுடியை விரித்துப் போட்டு, ஆடையை இடப்பக்கம் கட்டிக்கொண்டிருப்போம் என்று கன்ஃபூசியஸ் சொன்னதாக அவருடைய உரைத்தொகுப்பில் இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டம் தன்னை யார் என்று சொல்லிக்கொண்ட அடையாளம் அது. ஒரு சீன வாசகர் கண்ணில் அந்தப் படம் பட்டால், உயிரோடு நிற்கும் பெண்ணுக்குச் சவ உடை உடுத்தியதாகவே தோன்றும். தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

அதே வேளையில், சீனர்கள் பிறரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. கி.மு. 307-இல், அன்றைய சீன அரசுகளில் ஒன்றான ஜாவ் நாட்டின் அரசர் வூலிங், வடக்கே இருந்த நாடோடிக் குதிரை வீரர்களைப் பார்த்துத் தன் படைக்குக் காற்சட்டையும் குட்டை மேலாடையும் அணிவித்தார். நீண்ட அங்கியோடு குதிரையேறி அம்பு எய்ய முடியாது என்பது அவர் வாதம். அரச குடும்பத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் முதன்மையானவரான தம் சிற்றப்பாவிடம் அரசரே நேரில் போய்ப் பேசி இணங்க வைத்தார். போர்க்களத்துத் தேவைக்காக ஒருமுறை, வென்றவனின் வாளுக்காக ஒருமுறை, நகரத்துப் பெண்களின் சொந்த விருப்பத்துக்காக ஒருமுறை என்று அந்த நாட்டின் உடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

உடையின் வடிவத்தைப் பற்றி இது போதும். என் மனக்குறை வேறு. இரண்டு பக்கக் கட்டுரையில் பேரரசர், பேரரசி, நாகச் சின்னம், மஞ்சள் நிறம் எல்லாம் வந்தன. நூலும் தறியும் நெய்தவர்களும் ஒரு வரியில்கூட வரவில்லை.

ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில் மாவாங்துயி என்ற மேட்டை 1972-இல் தோண்டியபோது சின் ஜுய் என்ற பெருமாட்டியின் கல்லறை கிடைத்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடல் கெடாமல் இருந்ததைப் பற்றித்தான் உலகம் பேசியது. நெசவாளர்கள் பேச வேண்டியது அங்கே கிடைத்த மெல்லிழைப் பட்டு அங்கியைப் பற்றி. நீளம் 128 சென்டிமீட்டர். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை 190 சென்டிமீட்டர். முழங்கால் தாண்டித் தொங்கும் முழு அங்கி அது. காலர், கைப்பட்டி எல்லாம் சேர்த்து அதன் எடை 49 கிராம்.

பட்டுத் தொழிலில் இருப்பவர்கள் அந்த எண்ணை மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஒரு காஞ்சிபுரம் சேலை அரைக் கிலோவுக்குக் குறைந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். இங்கே ஓர் ஆளை முழுதாக மூடும் உடை 49 கிராம்! அந்த இழையை அளந்தவர்கள் சுமார் 11 டெனியர் என்கிறார்கள். அதாவது 9,000 மீட்டர் நீள இழையை எடைபோட்டால் 11 கிராம். முறுக்கேற்றினால் இழை கனத்துவிடும். முறுக்கில்லாமல் பாவு ஓட்டினால், இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில் உராய்ந்து அறுந்துவிடும். அந்தத் தறியில் உட்கார்ந்தவர் எத்தனை இழையை முடிந்திருப்பார், எவ்வளவு மெல்ல மிதித்திருப்பார் என்று நினைக்கும்போதே என் விரல்கள் கூசுகின்றன.

பிற்காலத்தில் அதைப் போலவே ஒன்றைச் செய்து பார்க்க முயன்றார்கள். முதலில் வந்த நகல் 80 கிராமைத் தாண்டியது. நெசவில் பிழையில்லை, புழுவே மாறிவிட்டிருந்தது. இன்றைய பட்டுப்புழுவை நன்றாகத் தின்ன வைத்து, பெரிய கூடு கட்டும்படி தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அதன் இழையும் தடிப்பு. நான்கு முறை தோலுரிக்கும் இன்றைய புழுவை விட்டுவிட்டு, மூன்று முறை உரிக்கும் சிறிய புழுவைத் தேட வேண்டியிருந்தது. நான்ஜிங்கில் யுன்ஜின் என்ற பூவேலைப் பட்டை ஆராயும் நிலையத்தார் ஹூனான் அருங்காட்சியகத்துக்காக 2019-இல் முடித்த நகல் 49.28 கிராம். விண்கலம் செய்யும் ஒரு நாடு, இரண்டாயிரம் ஆண்டு முந்தைய ஒரு மேலாடையை எட்டிப்பிடிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. பெயர் தெரியாத அந்த நெசவாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

தறிக்கு வருகிறேன். 2012, 2013-இல் செங்டு நகரத்தில் சுரங்க ரயில் பாதை வேலையின்போது லாவ்குவான்ஷான் என்ற இடத்தில் ஹான் பேரரசுக் காலத்துக் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்றில், ஒரு பெண்ணின் கல்லறையில், நான்கு தறி மாதிரிகள் இருந்தன. மரத்திலும் மூங்கிலிலும் செய்த சிறிய உருக்கள். கூடவே நெசவுத் தொழிலாளர்களின் மரப் பொம்மைகளும் இருந்தன. இவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பூவேலைத் தறிகளில் இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று இதுதான். ஹாங்சோவில் உள்ள சீனத் தேசியப் பட்டு அருங்காட்சியகத்தார் அந்தச் சிறிய உருக்களை அளந்து, உட்கார்ந்து நெய்யும் அளவில் முழுத் தறியாகவே கட்டிவிட்டார்கள். அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். பல விழுதுகள் வரிசையாகத் தொங்குகின்றன. மேலே நகரும் ஒரு கொக்கி, அந்தந்த ஊடைக்கு எந்த விழுது தேவையோ அதைப் பிடித்துத் தூக்குகிறது. மிதிப்பதும் தூக்குவதும் ஓர் ஒழுங்கில் நடந்தால் துணியில் பூவும் விலங்கும் எழுத்தும் தாமாக எழுகின்றன.

அந்தத் தறியின் தகுதியைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது நியாவில் கிடைத்த கைக்காப்பு. சின்ஜியாங்கின் தக்லமக்கான் பாலைவனத்தில் மணல் மூடிய ஊர் நியா. 1995-இல் அங்கே ஒரு கல்லறையில், வில்லாளி முன்கையில் கட்டும் சிறிய பட்டுப் பட்டை கிடைத்தது. அகலம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஐந்து நிறங்கள், பறவைகள், புலி, நடுவே ‘ஐந்து விண்மீன்கள் கிழக்கில் எழும்’ என்று தொடங்கும் எழுத்துகள். நிறம் முழுவதும் பாவிலிருந்தே வருகிறது. ஒரு சென்டிமீட்டரில் 200-க்கும் மேற்பட்ட பாவு இழைகள். மீட்டுருவாக்கிய தறியில் அதே துணியை நெய்து 2018-இல் முடித்துக் காட்டினார்கள். அறிஞர்கள் கட்டுரை எழுதி வாதிடுவது ஒரு வழி. தறியைக் கட்டி, பாவு ஓட்டி, துணியை எடுத்துக் கையில் கொடுப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவது வழியின் பக்கம்.

நான்ஜிங்கில் பார்த்தது வேறு வகைத் தறி. அதன் நீளம் 5.6 மீட்டர், உயரம் 4 மீட்டர். இருவர் சேர்ந்துதான் இயக்க முடியும். ஒருவர் தறிக்கு மேலே உட்கார்ந்து கயிறுகளை இழுக்கிறார். கீழே இருப்பவர் தங்க இழை, மயிலிறகு இழை, வண்ணப் பட்டு என்று சிறு சிறு ஓடங்களால் ஊடை கோக்கிறார். இருவரும் நாள் முழுக்க உழைத்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் துணி வளரும். யுன்ஜின் என்ற இந்தப் பூவேலைப் பட்டு நெசவை 2009-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. மேலே உட்கார்ந்து கயிறு இழுத்தவரைப் பார்த்தபோது எங்கள் ஊரின் அடை நெசவு கண்முன் வந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை இழைகளைத் தானே தூக்கும் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் புட்டாவுக்கும் கரைக்கும் அடைக் கயிறு இழுக்கப் பக்கத்தில் ஒரு துணையாள், பெரும்பாலும் சிறுவன், இருப்பான். என் தந்தை சிறுவயதில் அப்படி இழுத்தவர். மொழியும் மண்ணும் வேறு, ஆனால் கயிற்றை இழுக்கும் வேலை ஒன்றே.

எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்ற கணக்கை முன்கூட்டியே கயிற்று முடிச்சுகளாகக் கட்டி வைத்துவிடுகிறார்கள். வரைந்த படம் முடிச்சாக மாறுகிறது, முடிச்சு துணியில் மறுபடி படமாகிறது. 1637-இல் தொழில்களைப் பற்றி விரிவாக நூல் எழுதிய சோங் யிங்சிங், கைவினைஞர்களிலேயே மிக நுட்பமான மனக்கணக்கு இந்த முடிச்சுக் கட்டுபவருக்குத்தான் என்று குறித்திருக்கிறார். பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு தம் அட்டைத் துளைத் தறியைக் கொண்டுவந்தது 1804-இல். அதற்கு முன் உலகில் நெய்த சிக்கலான பூவேலைகள் பலவற்றுக்குப் பின்னால், மேலேயோ பக்கத்திலோ இருந்து கயிறு இழுத்த ஒருவரின் தோள்வலி இருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் ‘பட்டுடுத்திய மக்கள்’ என்கிறார். எந்த மக்கள்? நல்லாட்சி எப்படி இருக்கும் என்று ஓர் அரசருக்கு விளக்கிய பண்டைச் சீன அறிஞர் மென்சியஸ், வீட்டு மனையில் மல்பெரி நட்டால் ஐம்பது வயதானவர்கள் பட்டு உடுத்தலாம் என்றார். ஐம்பது வயதில் பட்டு என்பதே நல்லாட்சியின் கனவாக இருந்தது என்றால் மற்றவர்கள் என்ன உடுத்தியிருப்பார்கள்? கஞ்சா இனச் செடியின் தண்டிலிருந்து உரித்த நார், ராமிச் செடியின் நார், இவற்றை இழையாக்கி நெய்த துணி. துக்கம் காக்கும்போது வெளுக்காத முரட்டு நார்த்துணி உடுத்தும் வழக்கமும் அந்தப் பழைய துணியிலிருந்தே வருகிறது. வணிகர்கள் பணம் வைத்திருந்தும் பயனில்லை. கி.மு. 199-இல் ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங், வணிகர்கள் பூவேலைப் பட்டு உடுத்தவும் குதிரையேறவும் தடை விதித்தார். தாங் அரச மரபு ஆண்ட காலத்தில் பட்டு வரியாகவே வசூலிக்கப்பட்டது. புழு வளர்த்து, இரவெல்லாம் இலை போட்டு, நூல் எடுத்து நெய்த பெண்ணின் துணி அரசுக் களஞ்சியத்துக்குப் போனது. அவள் உடம்பில் நார்த்துணி. சீனப் பட்டின் பெருமையைப் பாடுகிறவர்கள் இந்தப் பெண்ணையும் சேர்த்தே பாட வேண்டும்.

பொதுமக்களின் உடையை உண்மையில் மாற்றியது பருத்தி. அதில் நமக்கும் பங்குண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் முதலில் பயிரான பருத்தி இனம் தென்கிழக்கு ஆசியா வழியாகத் தென்சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெகு காலம் அது எல்லைப்புறப் பயிராகவே இருந்தது. கொட்டையை விரலால் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததால் வேலை நகரவில்லை. அதை நகர்த்தியவர் ஓர் ஏழைப் பெண். பெயர் ஹுவாங் தாவோபோ. இன்றைய ஷாங்காயைச் சேர்ந்த வூனிஜிங் என்ற ஊர்க்காரர். புகுந்த வீட்டுக் கொடுமை தாங்காமல் தப்பி ஹைனான் தீவுக்குப் போனார் என்று மரபு வரலாறு சொல்கிறது. அங்கே லி இனத்துப் பெண்களிடம் பருத்தி வேலையைக் கற்றார். 1295-ஐ ஒட்டி ஊர் திரும்பி, கொட்டை நீக்கும் கருவி, பஞ்சு கொட்டும் பெரிய வில், காலால் மிதித்து ஒரே நேரத்தில் மூன்று கதிரில் நூற்கும் இராட்டை என்று அனைத்தையும் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஊர் இருந்த சோங்ஜியாங் வட்டாரம் பின்னாளில் நாட்டுக்கே துணி கொடுத்தது அந்த விதையிலிருந்துதான். அவர் இறந்தபின் மக்கள் கோயில் கட்டினார்கள். பேரரசிகளின் படங்களுக்கு நடுவே இந்த அம்மையாரின் பெயர் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் கட்டுரை அரண்மனை மஞ்சளோடு நின்றுவிட்டது. குவாங்டோங்கின் ஷுண்டே பகுதியில் ஒரு பட்டுக்குச் சாயம் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லட்டுமா? காட்டுவள்ளி இனத்துக் கிழங்கு ஒன்றின் செந்நிறச் சாற்றில் துணியை நனைத்துப் புல்வெளியில் விரித்து வெயிலில் காய வைக்கிறார்கள். மறுபடி நனைத்து, மறுபடி காய வைத்து, பல முறை. பிறகு ஆற்றிலிருந்து எடுத்த, இரும்புச் சத்து மிகுந்த சேற்றை ஒரு பக்கம் பூசுகிறார்கள். கிழங்கின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து அந்தப் பக்கம் கறுத்துப் பளபளக்கும், மறுபக்கம் பழுப்பாகவே இருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கருமை எடுக்கும் நம் சாயக்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். வியர்வையில் ஒட்டாத, நாள்பட நாள்பட மென்மையாகும் துணி அது. 2008-இல் சீன அரசு இந்தச் சாயமுறையைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்று சீன இளைஞர்கள் பழைய ஹான் உடையை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்திருப்பதைக் கட்டுரையின் கடைசிப் பகுதி ‘புதிய மோகம்’ என்று ஒதுக்குகிறது. 2003 நவம்பரில் ஜெங்ஜோ நகரத்தில் ஒரு தொழிலாளி அந்த உடையில் தனியாக நடந்து போனார். சிங்கப்பூரின் சீன நாளிதழ் அதைச் செய்தியாக்கியது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டாயத்தால் கழற்றப்பட்ட உடையை ஒருவர் பகலில் உடுத்திப் பார்க்க விரும்பியதில் எனக்கு மோகம் தெரியவில்லை, ஏக்கம் தெரிகிறது. இன்று ஷான்டோங்கின் ஒரு மாவட்டமே இந்த உடைகளைத் தைத்து வாழ்கிறது. விலை மலிவானவற்றில் பெரும்பகுதி பாலியஸ்டரில் இயந்திரத்தால் பூவேலை செய்தவை. எல்லோராலும் கைத்தறிப் பட்டு வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உருவம் திரும்பி வந்த இடத்துக்குத் துணியும் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஹாங்சோவிலும் நான்ஜிங்கிலும் ஆட்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பொருளில் இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிருபர் நேரில் போவதாக இருந்தால், ஹாங்சோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அங்கிகளை மட்டும் படம் எடுத்துத் திரும்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தறிகள் இருக்கும் கூடத்தில் ஒரு முழு நாள் இருக்கட்டும். நான்ஜிங் தறியில் கீழே உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்கும்போது, மேலே கயிறு இழுப்பவரையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவரட்டும். இருவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, படத்தின் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெசவுப் பயிற்றுநர்,
காஞ்சிபுரம்.